ஆறாவதா வந்த கதைங்க

பேக்கரில டீக்கு நின்னா போதும், யாராச்சும் ஒருத்தர் வந்து கேட்டுடறாங்க. "ஏனுங்க, உங்க அக்கா பையன் கார் ரேஸ் ஓட்டறானாமா, கப்பு வாங்கிட்டானுங்களா?" இல்லீங்க, சீசன் முடிஞ்சுது, மொத்தத்துல ஆறாவதுன்னு சொன்னா, "அட உடுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு தேங்காபன்ன கடிச்சுக்கிட்டே நூல் விலை, மழை, சிறுவாணித் தண்ணின்னு வேற பேச்சுக்குப் போயிடறாங்க. ஆறாவது எப்புடி வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. எனக்கு அதச் சொல்லாம தொண்டைலயே நிக்குது, அதான் இங்க எழுதறேன். நீளமாத்தான் போகும், சோலி இருக்கறவங்க முடிச்சுட்டு பொறவு வாங்க.

எனக்கு கணபதி பக்கம் லேத் பட்டறை. பம்புசெட்டு ஷாஃப்ட்டு, புஷ்ஷு, கப்ளிங்குன்னு இருவது வருசத்துக்கு மேல இரும்பச் சீவித்தான் சோறு. ரேஸுன்னா எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பொள்ளாச்சி ரோட்டுல டைமிங்குக்காக ஒண்ண ஒண்ணு முட்டிக்கிட்டு வர்ற பிரைவேட் பஸ்ஸு தான், அதுல சீசன் கீசன் எல்லாம் கெடையாது, தெனமும் ரேஸு. அக்கா பையன் (நாங்க மாப்ளன்னு தான் கூப்புடுவோம், பேரு போடாத, எந்தப் போட்டி எந்த டீமுன்னும் எழுதாதடான்னு அக்கா கண்டிசனா சொல்லிட்டா) 11 வயசுல இருந்து கோ-கார்ட் ஓட்டிட்டு இருந்தான். 16 முடிஞ்சதும் போன சீசன்ல ஃபார்முலா காருக்கு ஏத்தி உட்டுட்டாங்க. மச்சானுக்கு திருப்பூர்ல பனியன் கம்பெனி, ஷிப்மெண்ட் போறதே சனி ஞாயிறுல தான். ஒரு நா பொழுதோட பட்டறைக்கு வந்தாரு, "காசு நான் கட்டிடறேன், கூட நிக்க எனக்கு நேரமில்ல, நீ போயி நில்லு"ன்னாரு. எனக்கு என்ன தெரியும்னேன். "இரும்பு தெரியும்ல"ன்னாரு. அவ்ளோ தான், நானும் ரேஸ் டீம்ல ஒரு ஆளாயிட்டேன், சம்பளமில்லாத ஆளு.

ஃபார்முலா காருன்னதும் டிவில வர்ற எஃப்1 வண்டிய நெனச்சுக்காதீங்க. அதோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இது. ஒரே ஒரு ஆளு உக்காரலாம், சக்கரம் நாலும் வெளிய தொறந்து கெடக்கும், மேல கூரை கெடையாது, பையன் முதுகுக்குப் பின்னாடி மாருதியோட 1300 சிசி என்ஜின். நம்ம தெருவுல ஓடற கார்ல இருந்த அதே மாதிரி என்ஜின் தான், ஆனா ஏசி இல்ல, கதவு இல்ல, சீட்டு இல்ல, ஸ்டீரியோ இல்ல, எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுட்டு கொழாய வளைச்சு ஒரு கூடு கட்டி அதுக்குள்ள அத வெச்சா என்ன பாய்ச்சல் பாயும்னு யோசிச்சுக்கங்க. கியரு நம்ம கார்ல இருக்கற மாதிரியே கையில மாத்தறது தான். பவர் ஸ்டீரிங் கெடையாது. பையன் உக்காரல, படுத்துக்கிட்டு தான் ஓட்டறான், கீழ தரைக்கும் அவனோட இடுப்புக்கும் நாலு வெரக்கடை தான் எடம்.

முதல் நாளே டீம் மேனேஜர் தம்பி ஒண்ணு சொன்னாரு. "அண்ணா, இங்க எல்லாருக்கும் ஒரே சேஸ், அதான் காரோட கூடு, ஒரே என்ஜின், ஒரே கம்பெனி டயரு. அதனால ஜெயிக்கறது முழுக்க டிரைவர் கையில தான்." கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு அப்பவே உள்ள ஒரு உறுத்தல். டிராயிங்ல 25 எம்எம் ஷாஃப்ட்டுன்னு போட்டிருப்பாங்க, பக்கத்துலயே பிளஸ் மைனஸ்னு ஒரு புள்ளிக் கணக்கு இருக்கும். ஏன்னா ஒரே மெசின்ல, ஒரே ஆளு, ஒரே நாள்ல பத்து பீஸ் கடைஞ்சாலும் மைக்ரோமீட்டர வெச்சா பத்தும் பத்து அளவு காட்டும். எங்க தொழில்ல "ஒரே மாதிரி"ன்னு ஒரு பொருளே கெடையாதுங்க, "இதுக்குள்ள இருந்தா ஒத்துக்குவோம்"னு தான் உண்டு. அப்பறம் எப்புடி பதினஞ்சு காரும் ஒண்ணா இருக்கும்? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 28 மீட்டர் போயிடும். அரை செகண்ட் பிந்துனா 14 மீட்டர், அதாவது மூணு காரு நீளம். ஒரு சுத்துக்கு கால் செகண்ட் விட்டாலும் பத்து சுத்துல ரெண்டரை செகண்டு, அந்த எடைவெளிக்குள்ள நாலு பேரு புகுந்துடுவான்.

எங்க பட்டறைப் பசங்க கிட்ட செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போறேன்னு சொன்னப்ப, "கரின்னா என்னங்கண்ணா, டயரு தேஞ்சு தரையெல்லாம் கரியா இருக்குமா"ன்னானுங்க. எனக்கே ரொம்ப நாளா தெரியாது, அது ஒரு மனுசன் பேரு. எஸ். கரிவரதன், லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரரு, எல்லாரும் கரின்னே கூப்புடுவாங்களாம். 80கள் கடைசில மாருதி 800 என்ஜின வெச்சு ஃபார்முலா மாருதின்னு குறைஞ்ச செலவுல ரேஸ் காரு செஞ்சு உட்ட ஆளு. வெளிநாட்டுல இருந்து காரு எறக்க வசதி இல்லாத பசங்களும் ரேஸுக்குள்ள வர முடிஞ்சதே அதுனால தான். எஃப்1 வரைக்கும் போன நம்ம நரேன் கார்த்திகேயன் ஓட்டுன முதல் ரேஸே ஃபார்முலா மாருதில தான். கரி 1995ல சின்ன விமானம் ஓட்டறப்ப விபத்துல போயிட்டாரு. 2003ல செட்டிபாளையத்துல தொறந்த 2.1 கிலோமீட்டர் டிராக்குக்கு அவரு பேரையே வெச்சுட்டாங்க. பைக்கு செயினு செய்யற எல்ஜிபியும் நம்மூரு கம்பெனி தான், அந்தப் பேர்லயும் ஃபார்முலா கிளாஸ் இருக்குது. அதாவது பம்புசெட்டு, செயினு, நூல்மில்லுன்னு இருக்கற ஊருல ரேஸ் காரு வந்தது ஒண்ணும் அதிசயமில்ல, இரும்ப உருக்கவும் கடையவும் தெரிஞ்ச ஊரு எதையாச்சும் வேகமா ஓட்டிப் பாக்கத்தான செய்யும்.

சீட்டு போட்ட கதையச் சொல்லணும். கார்ல சீட்டுன்னு ஒண்ணு வராது, வெறும் தகரக் கூண்டு. ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர, குப்பைக்கு வெப்பாங்கல்ல கருப்பு கவரு, அத உள்ள விரிச்சு, ரெண்டு டப்பா கெமிக்கல ஒண்ணா கலக்கி அதுக்குள்ள ஊத்தி, உடனே பையன அது மேல படுக்க வெச்சுடறாங்க. அது பொங்குது பாருங்க, பால் பொங்கற மாதிரி, அவன் முதுகச் சுத்தி, இடுப்பச் சுத்தி, விலா எலும்பு வரைக்கும் ஏறி வருது. சூடு வேற. "மாமா, சுடுது"ங்கறான், மெக்கானிக்கு "அசையாத தம்பி, அசைஞ்சா சீட்டு கோணிக்கும்"ங்கறாரு. ஸ்டீரிங்க புடிச்சுக்கிட்டு, கால பெடல்ல வெச்சுக்கிட்டு, இருவது நிமிசம் செலையாட்டம் கெடந்தான். எடுத்துப் பாத்தா அவன் முதுகெலும்பு வரைக்கும் அச்சு விழுந்திருக்கு. எங்க அம்மாகிட்ட போட்டோ காட்டுனேன், "இதென்னடா, புள்ளைய பணியாரக் கல்லுல ஊத்தி எடுத்த மாதிரி இருக்குது"ன்னுச்சு.

பையன் எடை 52 கிலோ தான். காரும் ஆளும் சேந்து இத்தன கிலோவுக்குக் கொறையக் கூடாதுன்னு விதி இருக்கறதால ஈயத் தகடு வெச்சு போல்ட் போட்டு ஈடு கட்டணும். அந்தத் தகட்டுக்கு ஓட்டை போட்டுக் குடுத்தது நம்ம பட்டறைல தான். சீசன் முழுக்க என்னோட பங்குன்னு சொல்லிக்க அது ஒண்ணு இருக்குது.

சீசனுக்கு நாலு ரவுண்டு, ரவுண்டுக்கு மூணு ரேஸு. முதல் ரவுண்ட பத்தி பேச ஒண்ணுமில்ல. கார்ட்டுல கால்ல மிதிக்கற கிளட்சு கெடையாது, இங்க உண்டு. செவப்பு லைட்டு அணைஞ்சுது, பதினாலு காரு கெளம்பிருச்சு, ஒண்ணு மட்டும் நின்னுச்சு, அது நம்முளுது. தள்ளி ஸ்டார்ட் பண்ணி கடைசில இருந்து ஓடி 12ஆவதா வந்தான். அடுத்த ரேஸுல ஒம்பது, மூணாவது ரேஸுல எட்டு. முதல் எட்டு பேருக்குத் தான் பாயிண்ட், ஆக மூணு ரேஸுக்கும் சேத்து ஒரே ஒரு பாயிண்ட். நான் பிட்டுல (கார நிறுத்தி வேலை பாக்கற எடம்) நின்னுக்கிட்டு அதென்ன இதென்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தேனா, மேனேஜர் தம்பி ஒரு கட்டத்துல, "அண்ணா, இது ரேஸ் காரு, பம்புசெட்டு இல்ல, சித்தே அக்கட்ட நில்லுங்க"ன்னாரு. சின்னப் பையன், வேலை டென்சன், தெரியுது. ஆனாலும் சுருக்குன்னு தான் இருந்துச்சு. நான் போயி டயரு அடுக்கி வெச்சிருந்த பக்கமா நின்னுக்கிட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு மாசம் மாப்ளைக்கு தோட்டத்துல தான் டிரெயினிங். அவனுக்கு ரோட்டுல ஓட்ட லைசென்ஸு வயசு இன்னும் வரல, அதனால சாளைக்கு முன்னாடி களத்துல பழைய மாருதி 800ல கிளட்சு உடறதும், பிரேக்க முன்னங்கால்ல மிதிச்சுக்கிட்டே குதிங்கால்ல ஆக்சிலேட்டர தட்டி கியர எறக்கறதுமா ஓட்டிட்டே இருந்தான். எங்கப்பா, அவனுக்கு அப்புச்சி, திண்ணைல உக்காந்துட்டு "எதுக்கு கண்ணு நின்ன எடத்துலயே இப்புடி உறுமற"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. இன்னொரு பக்கம் பொடனிக்கு உடற்பயிற்சி. வளைவுல திரும்பறப்ப ஹெல்மெட்டோட தலைய வெளிய இழுக்கும்ங்க, முதல் ரவுண்டு முடிஞ்ச அடுத்த நா வெடியால தலைய தூக்க முடியாம அழுதுட்டான். அதனால தலைல துண்டக் கட்டி அக்கா ஒரு பக்கமா இழுப்பா, அவன் இன்னொரு பக்கமா இழுக்கணும். பாக்கறவங்க என்னமோ பேய் ஓட்டறாங்கன்னு தான் நெனைப்பாங்க.

ரெண்டாவது ரவுண்டு ஆடி மாசம். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது மத்த ஊருக்கு பழமொழி, பாலக்காட்டுக் கணவா வழியா காத்து நேரா வந்து அடிக்கற நமக்கு அது வானிலை அறிக்கை. இத்தன எடை கம்மியான வண்டிக்கு அந்தக் காத்து ஒரு ஆளு மாதிரி. போற நேர்ல மூஞ்சில அடிச்சு இழுத்துப் புடிக்கும், திரும்பி வர்ற நேர்ல முதுகப் புடிச்சுத் தள்ளும், அப்ப வழக்கமா பிரேக் அடிக்கற எடத்துல அடிச்சா வளைவுக்குள்ள நிக்காது. எதிர்க்காத்துல முன்னாடி போற காரோட முதுகுக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டா காத்த அவன் ஒடைச்சுக் குடுப்பான், நம்ம காரு சும்மா இழுத்துட்டுப் போவும், சரியான நேரத்துல வெளிய எடுத்து தாண்டிடலாம். காத்து அடிக்க அடிக்க இந்த ஆதாயம் அதிகம். நான் வீட்டுல இருந்து ஒரு செவப்பு ரவிக்கைத் துணிய கிழிச்சு எடுத்துட்டுப் போயி பிட்டு வேலில கட்டி உட்டேன், எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாத்துட்டு மாப்ள வண்டி ஏறுவான். மத்தியானத்துக்குள்ள மத்த டீம்காரங்களும் அதத்தான் பாத்துட்டு இருந்தாங்க, யாரும் கட்டுனது யாருன்னு கேக்கல.

அந்த ரவுண்டுல தான் டயர்ல காத்து பாக்கற கேஜு விசயம். வெள்ளிக்கிழமை பிராக்டீஸ்ல வந்து "மாமா, பின்னாடி வழுக்குது, பின்சக்கரம் எனக்கு முன்னாடி திரும்பப் பாக்குது"ன்னு சொன்னான். மேனேஜர் கிட்ட சொன்னா "ஓட்டு, பழகிடும்"னாரு. நான் டயரு பக்கமே நின்னுட்டு இருந்தவன்ல, பாத்துட்டேன், முன்டயருக்கு மேனேஜர் தம்பி அவரோட கேஜ வெச்சுப் பாக்கறாரு, பின்டயருக்கு மெக்கானிக் பையன் அவனோட கேஜ வெச்சுப் பாக்கறான். ரெண்டு பேரும் 20 வெச்சாச்சுன்னு நோட்டுல எழுதறாங்க. அன்னிக்கு ராத்திரி பட்டறைல இருந்து என்னோட கேஜ எடுத்துட்டுப் போயி, ஒரே டயர மூணு கேஜுலயும் பாத்தேன். மேனேஜர் கேஜும் என்னோடதும் ஒத்துப் போச்சு. மெக்கானிக் பையனோடது ரெண்டு பிஎஸ்ஐ கொறைச்சுக் காட்டுச்சு. அதாவது அவன் 20ன்னு வெச்ச பின்டயர்ல நெசமா இருந்தது 22. காத்து அதிகமான டயரு உப்பி தரைய ஒழுங்கா கவ்வாது, வழுக்காம என்ன பண்ணும்? கேஜு தப்பா காட்டறது கூட பெருசில்லீங்க, எல்லா டயருக்கும் ஒரே கேஜா இருந்தா ஒரே மாதிரி தப்பா இருக்கும், சமாளிச்சுக்கலாம். ரெண்டு கேஜு தான் வெனை.

அடுத்த நா மெதுவா சொன்னேன். மேனேஜர் தம்பி மூஞ்சு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. எதுவும் பேசாம மெக்கானிக் கையில இருந்த கேஜ வாங்கி டூல் பாக்ஸுக்குள்ள போட்டாரு. அந்த ரவுண்டுல மாப்ள ஆறு, அஞ்சு, ஏழு. ஒம்பது பாயிண்டு. எங்கம்மா அன்னிக்குத் தான் முதல் தடவையா டிராக்குக்கு வந்துச்சு, ஒரு தூக்குப்போசி நெறைய அரிசிம்பருப்புச் சாதம், டிராக்கு ஓரமா கொடி ஆட்டற மார்ஷல் பசங்களுக்கெல்லாம் சேத்து. கொடிங்கள பத்தி ஒவ்வொண்ணா கேட்டுச்சு. மஞ்சக்கொடின்னா முன்னாடி ஆபத்து, தாண்டக் கூடாது, செவப்புன்னா நிறுத்தியாச்சு, நீலம்னா பின்னாடி வேகமான வண்டி வருது வழி உடுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இந்த நீலக்கொடிய உக்கடம் பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளுகிட்ட குடுத்து நிக்க வெக்கலாம்ல"ன்னுச்சு. ஆனா ஒண்ணு, அந்த கேஜு நாளுக்கப்பறம் மேனேஜர் தம்பி என்கிட்ட வணக்கம், சாப்ட்டீங்களாண்ணா, இதுக்கு மேல பேச்சு வெச்சுக்கல.

இப்ப தான் சொல்ல வந்த எடத்துக்கு வர்றேன்.

மூணாவது ரவுண்டு ஐப்பசில. சனிக்கிழமை மழை. செவப்பும் மஞ்சளும் பட்டை போட்ட கொடிய ஆட்டறாங்க, தரை வழுக்குதுன்னு அர்த்தம், அத ஆட்டறதுக்குள்ள நம்மாளு தேங்கி நின்ன தண்ணில ஏறி பம்பரமா சுத்தி புல்லுக்குள்ள போயிட்டான். 13ஆவது. அது பரவால்ல, மழைல அனுபவம் இல்ல, சுத்தாம இருந்தா தான் ஆச்சரியம். அன்னிக்கு ராத்திரி கியரு சரியா விழல, கியர் லிவர கியர்பாக்ஸோட சேக்கற லிங்கேஜ அட்ஜஸ்ட் பண்ணணும்னு மெக்கானிக் பையன் செல்போன் லைட்ட வெச்சுக்கிட்டு பின்னாடி வேலை செஞ்சுட்டு இருந்தான். காத்தால இருந்து சேத்துல நின்னவன், கண்ணு சொருகுது. கியர் ராடு ஜாயிண்ட்ட கழட்டி, திருப்பி மாட்டி, அதுல போட்டிருந்த காட்டர் பின்ன (ஜாயிண்ட் கழண்டுடாம ஓட்டைல சொருகி நுனிய வளைச்சு உடற சின்னக் கம்பி) நோஸ் பிளையர்ல நிமுத்தி, அதையே மறுபடியும் உள்ள உட்டு வளைச்சான். நான் டீ கிளாஸோட மூணடி தள்ளி நின்னு பாத்துட்டு இருந்தேன்.

இரும்பு தொழில் பண்ற எவனுக்கும் தெரியும், ஒருக்கா வளைச்ச காட்டர் பின்ன நிமுத்தி திரும்ப வளைக்கக் கூடாது. வளைஞ்ச எடத்துல உள்ளுக்குள்ள இத்துப் போயிருக்கும், வெளிய பாத்தா தெரியாது. புதுசு ரெண்டு ரூவா. என் வண்டில, டேஷ்போர்டுல, ஒரு கவர்ல பத்துப் பதினஞ்சு கெடந்துச்சு. "தம்பி, இரு, புதுசு தர்றேன்"னு சொல்றதுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்ப மேனேஜர் தம்பி அந்தப் பக்கமா வந்தாரு. பம்புசெட்டு ஞாபகம் வந்துச்சு, கேஜு அன்னிக்கு அவரு மூஞ்சு போன போக்கும் ஞாபகம் வந்துச்சு. நமக்கெதுக்கு, அவங்க காரு அவங்களுக்குத் தெரியாதான்னு டீயக் குடிச்சுட்டு கெளம்பிட்டேன். பொறாமை இல்ல, கோவம் கூட இல்ல, ஒரு ரோசம். அவ்ளோ தான்.

ஞாயித்துக்கிழமை வெயில் நல்லா அடிச்சுது. மாப்ள ரெண்டாவது ரேஸுல அஞ்சாவதா ஓடிட்டு இருந்தான், நாலாவது ஆளுக்கு ரொம்ப பக்கத்துல. ஏழாவது சுத்துல வர்ற சத்தம் மாறிப் போச்சு. வளைவு முடிஞ்சு வெளிய வந்தும் என்ஜின் ஒரே ராகத்துல முக்குது, கியரு ஏறல. மூணாவதுலயே மாட்டிக்கிச்சு. ஒவ்வொருத்தனா தாண்டிப் போறானுங்க, இவன் கைய தூக்கிக் காட்டிட்டு மெதுவா பிட்டுக்குள்ள வந்துட்டான். அடித்தட்டக் கழட்டுனா உள்ள பாதி காட்டர் பின்னு கெடக்குது. நான் தான் எடுத்தேன். மேனேஜர் கிட்ட காட்டுனேன், "டிராக்கு ஓரத்து கெர்ப் மேட்டுல ஏத்தி இருப்பான்ணா, அதிர்ச்சில ஒடைஞ்சிருக்கும்"னாரு. சாயங்காலம் மச்சானுக்குப் போன் போட்டு, பையன் கியர ரொம்ப முரட்டுத்தனமா போடறான், கொஞ்சம் சொல்லுங்கன்னு சொல்லிட்டாரு. மாப்ளையும் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமாங்கப்பா, வேகமா இழுத்துட்டேன் போல"ன்னு ஒத்துக்கிட்டான். நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். அப்பவும் வாயத் தொறக்கல, தொறந்தா "பாத்துட்டு ஏன் சொல்லல"ன்னு அடுத்த கேள்வி வரும்ல. அன்னிக்கு மூணாவது ரேஸுல ஆறாவது வந்தான், கியர பூ மாதிரி போட்டு ஓட்டுனானாம், அதனாலயே ரெண்டு எடம் போச்சுன்னு அவனே சொன்னான்.

கடைசி ரவுண்டு மார்கழில, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. 1990ல தொறந்த டிராக்கு, 3.7 கிலோமீட்டர், நம்ம செட்டிபாளையத்த விட முக்காப் பங்கு பெருசு. வேகமான வளைவுங்க, பொடனிக்கு நல்ல வேலை, துண்டு கட்டி இழுத்ததுக்கு அங்க பலன் தெரிஞ்சுது. ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிட்டுப் போயி இறங்குன மொத நா தடுமாறுனான், அப்பறம் நாலு, அஞ்சு, நாலு. மூணு ரேஸுல 14 பாயிண்டு. சென்னைப் பசங்களுக்கு அது சொந்த ஊரு டிராக்கு, அவங்களுக்கு நடுவுல நாலாவது வந்தது என்னைக் கேட்டா கப்பு வாங்குன மாதிரி தான். இந்த ரவுண்டப் பத்தி இன்னும் எழுதலாம், ஆனா நல்லா நடந்தத எழுத எனக்கு வரமாட்டேங்குது.

மொத்தம் 27 பாயிண்டு. அஞ்சாவது எடத்துப் பையனுக்கு 31. அந்தப் பையன் ஒரு தடவ கூட முதல் மூணுல வரல, ஆனா பன்னெண்டு ரேஸுல ஒண்ணு கூட பாதில நிக்கல, ஏழு, ஆறு, எட்டுன்னு எறும்பு சேக்கற மாதிரி சேத்துட்டான். நரேன் 2005ல இண்டியானாபோலிஸ்ல நாலாவது வந்து இந்தியாவுக்கு முதல் எஃப்1 பாயிண்டு வாங்குனாருல்ல, அத இப்பவும் சில பேரு நக்கல் அடிப்பாங்க, மிச்சலின் டயரு பிரச்சினைல 14 காரு ஓடாம உள்ள போயிருச்சு, ஆறே ஆறு காரு தான ஓடுச்சுன்னு. ஓடுச்சுல்ல. அந்த ஆறுல ஒண்ணா நின்னு கடைசிச் சுத்து வரைக்கும் வண்டிய கொண்டாந்தாருல்ல. அதுக்குத்தான அஞ்சு பாயிண்டு குடுத்தாங்க. முந்தி நானும் நக்கல் அடிச்ச ஆளு தான், இப்ப அடிக்கறதில்ல.

நோட்டப் போட்டு கணக்குப் பாத்தேன், பாத்துருக்கக் கூடாது. காட்டர் பின்னு போன அந்த ரேஸுல அஞ்சாவதா வந்ததே அந்தப் பையன் தான். மாப்ள வண்டி நிக்காம ஓடிருந்தா நமக்கு நாலு பாயிண்டு, 31. அவன் ஆறாவதாப் போயி ஒரு பாயிண்டு கொறைஞ்சு 30. எடமே மாறிருக்கும். அஞ்சாவதுக்கும் கப்பு எல்லாம் குடுக்க மாட்டாங்க, பேக்கரில கேக்கறவங்களுக்கு அஞ்சும் ஆறும் ஒண்ணு தான். ஆனா மச்சான் இன்னிக்கும் "இவன் கியரு தான் கொஞ்சம் முரடு"ன்னு ஒறம்பரை வந்தா சொல்லிட்டு இருக்காரு, பையன் பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கறான். அவன் கியரு முரடெல்லாம் கெடையாதுங்க. மாருதி 800ல பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான்.

அடுத்த சீசனுக்கு மச்சான் இன்னும் சரின்னு சொல்லல, ஆர்டர் வரட்டும் பாக்கலாம்னு இருக்காரு. ஓட்டுனாலும் பழைய சீட்டு ஆவாது, பையன் ஆறு மாசத்துல மூணு இஞ்சு வளந்துட்டான், தோளு அச்சுக்குள்ள எறங்க மாட்டேங்குது, மறுபடியும் கவர விரிச்சு ஊத்தணும். அந்தப் பழைய சீட்டு எங்க பட்டறை மூலைல கெடக்குது, அதுல இப்ப பூனை குட்டி போட்டிருக்கு. பாதி காட்டர் பின்னு என் மேசை டிராயர்ல இருக்குது. மாப்ள நான் எழுதறதெல்லாம் படிப்பான், இதையும் படிப்பான்னு தெரிஞ்சு தான் எழுதறேன். நேர்ல வந்து கேட்டா சொல்லிக்கறேன் மாப்ள. நேத்து டவுனுக்குப் போனப்ப காட்டர் பின்னு ஒரு டப்பா வாங்கிட்டு வந்தேன், நூறு இருக்குது.